ஆறாம் குழாயின் ஈரம்

பன்னிரண்டு குழாய்களில் பதினொன்று சொன்ன பேச்சைக் கேட்டன. ஆறாவது மட்டும் என் உயிரை வாங்கியது.

இலங்கை மலையகத்தில் டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே ஒன்பதாம் நம்பர் மலையில் தேயிலைக்கு நடுவே அவற்றைப் புதைத்தது நான்தான். செவ்வாய்க்கிழமை தோறும் ஒவ்வொரு குழாயிலும் கருவியை இறக்கி மண்ணின் ஈரத்தை அளப்பேன். உரச்சத்தான நைதரசன் எவ்வளவு என்று பார்க்கக் கொஞ்சம் மண்ணும் அள்ளுவேன். இந்த மழைக்கு இவ்வளவு ஈரம், இவ்வளவு நைதரசன், இத்தனை கிலோ கொழுந்து என்று என் கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொல்லும். அது சொல்வதும் மண் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும்.

பெப்ரவரி முழுக்க ஒரு பொட்டு மழையில்லை. ஆனால் ஆறாவது குழாயடி மட்டும் சேறு. நைதரசனும் ஏறிக்கொண்டே போனது. கொழும்பிலிருந்து என் மேலதிகாரி சுப்பிரமணியம் சார் போனில் கத்தினார்.

"பிரேமினி, ஒழுங்காத்தான் அளக்கிறீங்களா? மாசக் கடைசிக்குள்ள காரணம் சொல்லுங்க. இல்லாட்டி உங்க வேலைய நீட்டச் சொல்லி என்னால கேக்க ஏலாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாடகை அறையில் நாள்கணக்காக என்னோடு பேசுவது அந்தக் கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதுவும் என்னைப் பொய்க்காரி என்றால் நான் யாரிடம் போய் அழுவேன்?

அந்த ஈரம் எங்கிருந்து வருகிறதென்று கண்ணால் பார்த்துவிட, ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத மலையில் போய் உட்கார்ந்தேன். பத்து மணிக்கு ஒரு பெரியவர் கேனோடு ஏறி வந்து, ஆறாவது குழாயடியில் பாலும் தண்ணீருமாக ஊற்றினார்.

"என்னய்யா பண்றீங்க!" என்று பாய்ந்தேன்.

"மிஸ்ஸுங்களா? நான் ஆண்டியப்பனுங்க, கீழ் லயத்துல குடியிருக்கேன். எம் பொஞ்சாதி ஜீவராணி இங்கதான் இருக்கா. பொதச்ச எடத்த நெரவிட்டு தேயிலக் கண்டு நட்டுட்டாங்க. நான் வர்றது மேனேஜர் தொரைக்குத் தெரிஞ்சா மலைக்குள்ளயே விட மாட்டாரு." கேனைக் கீழே வைத்தார். "வாராவாரம் நீங்க வந்து எழுதுறத ரோட்டுலருந்து பாப்பேங்க. இங்க ஒருத்தி இருக்கான்னு எழுதிக்க ஒரு ஆளாவது இருக்கேன்னு மனசு நெறஞ்சு போச்சு."

ஐயோ! என் கோபம் போன இடம் தெரியவில்லை.

"மெசின்ல என்னங்க சொல்லுது? காஞ்சு போகலியே?"

கருவியை இறக்கிப் பார்த்தேன். "முப்பத்திரண்டு. நல்ல ஈரம்."

மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

உண்மையை எழுதினால் என் வேலை பிழைக்கும். ஆனால் அறிக்கை தோட்டத்து ஆபீசுக்கும் போகும், மறுநாளே மலைக்குக் காவல் போடுவார்கள். இரண்டு நாள் அறிக்கையை எழுதி எழுதி அழித்தேன். கடைசியில், "ஆறாம் குழாய்: அளந்தவரின் கவனக்குறைவு" என்று எழுதி அனுப்பிவிட்டு அழுதேன். சார் இந்தத் தடவை கத்தவில்லை. மாசக் கடைசியோடு வேலை முடிகிறது, ஆறாம் குழாயைக் கணக்கிலிருந்து எடுத்தாயிற்று, பிடுங்கிவிட்டுப் போங்கள் என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

கடைசிச் செவ்வாய்க்கிழமை போனேன். பிடுங்க மனம் வரவில்லை. ஆண்டியப்பன் ரோட்டிலிருந்து ஏறி வந்து பக்கத்தில் நின்றார். யாருக்கும் வேண்டாத அந்த ஈரத்தை அளந்து, அவர் பார்க்கப் பார்க்க நோட்டில் எழுதினேன்.

"முப்பத்தொன்று."

"ஒன்னு கொறஞ்சிருச்சே! நாளைக்குக் கூட ஒரு கேன் ஊத்திர்றேன். அடுத்த செவ்வாக்கெழம வந்து பாருங்க மிஸ், ஏறியிருக்கும். வருவீங்கல்ல?"

"வருவேன் ஐயா," என்றேன்.