இடப்பக்கம் சரிந்த தொப்பி

பல்லாவரம் கன்டோன்மென்டுக்குப் பின்னால் இருக்கும் தன் வீட்டு முன்னறையிலேயே லாசரஸுக்கு வேலை. பழைய ராணுவத் தொப்பிகளைக் கழுவி, அந்து தின்ற ஓட்டைகளைத் தைத்து, நசுங்கினதை நிமிர்த்தித் தருவார். சினிமாவுக்கு உடை வாடகைக்கு விடுகிறவர்கள் வருவார்கள், பழம்பொருள் சேர்க்கிறவர்கள் வருவார்கள். ஸ்ரீவித்யா சேலையூரிலிருந்து ஒரு துணிப்பையோடு வந்தாள். பைக்குள், ராணுவத்தில் ஒரு பக்கம் சரித்துப் போடும் மெரூன் நிற பெரே தொப்பி ஒன்று அப்பளம் மாதிரி நசுங்கிக் கிடந்தது.

"என் ஹஸ்பெண்டோடது. எண்பத்தி நாலுல பாராசூட் ரெஜிமென்ட்ல சேர்ந்தப்போ கொடுத்தது. தை மாசம் பொண்ணு கல்யாணம். அன்னிக்கு அவர் தலையில இது இருக்கணும்."

லாசரஸ் அதை விரித்துப் பார்த்தார். ஓரமெல்லாம் வியர்வை உப்பு. தலையைச் சுற்றிப் பிடிக்கும் உள்பட்டை வெடித்திருந்தது.

"பண்ணிடலாம் மேடம்."

"ஒரு விஷயம். துணி சரியறது இடது பக்கமா இருக்கணும்."

"நம்ம ஆர்மியில வலது பக்கம்தானே மேடம்?"

"தெரியும். அவர் மேடவாக்கம் ரோட்ல வண்டியில இருந்து விழுந்துட்டார். ஆபரேஷன் பண்ணி இடது பக்க மண்டையோட்டுத் துண்டை எடுத்துட்டாங்க. திரும்ப வைக்கறதுக்குள்ள இன்ஃபெக்‌ஷன். இனிமே வைக்க முடியாதாம். அந்த இடம் பள்ளமா இருக்கு. சம்பந்தி வீட்டுக்காரங்க எல்லாம் வருவாங்க."

மறுநாள் லாசரஸ் அளவெடுக்கச் சேலையூர் போனார். அவள் கணவர் மேஜர் சத்யநாராயணன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேச்சு போய்விட்டது, வலது கை, கால் வராது. அளவு நாடாவைச் சுற்றும்போது பள்ளத்தின் மேல் தோல் நாடித்துடிப்போடு ஏறி இறங்குவதை லாசரஸ் பார்த்தார். நாடா அங்கே படாமல் பிடித்துக்கொண்டார். மேஜரின் கண்கள் அவர் கையையே தொடர்ந்தன.

தொப்பியைக் குளிர்ந்த தண்ணீரில் குழந்தைகள் ஷாம்பு போட்டு நான்கு முறை அலசினார். ஆட்டுத்தோலில் புது உள்பட்டை தைத்தார். பள்ளம் வரும் இடத்தில் மட்டும் தோலுக்குப் பதில் மெத்தென்ற பருத்தித் துணி. தலை வடிவ மரக்கட்டையில் ஈரத்தோடு மாட்டி, பேட்ஜ் வலது கண்ணுக்கு மேல் வரும்படி வைத்து, மடிப்பை இடப்பக்கம் இழுத்துக் கட்டி, ஐந்து நாள் நிழலில் காயவைத்தார். அவர் செய்ததிலேயே நல்ல வேலை அது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் எடுத்துப் போனார். மகள் சின்மயியும் இருந்தாள். ஸ்ரீவித்யா தொப்பியை மாட்டிவிட்டாள். பள்ளம் முழுசாக மறைந்தது. பார்க்க மேஜர் அழகாகவே இருந்தார்.

மேஜரின் இடது கை மெதுவாக மேலே போனது. தொப்பியைத் தடவியது. பேட்ஜைத் தேடிப் பிடித்து, இடது கண்ணுக்கு மேலே வரும்படி திருப்பியது. ராணுவ முறைப்படி துணியை வலப்பக்கம் இழுத்துவிட்டது. பள்ளம் வெளியே வந்தது.

ஸ்ரீவித்யா சரிசெய்தாள். அவர் மறுபடி திருப்பினார். மூன்றாவது தடவை அவள் கையைத் தட்டிவிட்டார்.

"சார், கல்யாணத்து அன்னிக்கு மட்டும்," என்றார் லாசரஸ். மேஜர் அவரைப் பார்க்கவே இல்லை.

"விடும்மா," என்றாள் சின்மயி. "அப்பா வீட்லயே இருக்கட்டும். ஃபோட்டோ எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

அப்படித்தான் ஆனது. கல்யாணத்தன்று, தினமும் தன்னைப் பார்த்துக்கொள்ள வரும் கெசியாவோடு அவர் வீட்டிலேயே இருந்தார். காலையிலேயே தொப்பியைக் கையால் காட்டிக் கேட்டு வாங்கி, வலப்பக்கம் சரித்து மாட்டிக்கொண்டார். மண்டபத்திலிருந்து எல்லாரும் திரும்பி வந்தபோதும் தலையில் இருந்தது. மறுநாளும் கழற்ற விடவில்லை. தொப்பியைத் திருப்பியதில் பருத்தித் துணி வேறு பக்கம் போய், தோல்பட்டைதான் பள்ளத்தில் அழுத்தியது. மூன்றாம் நாள் வியர்வையில் தலைத்தோல் வெந்து புண்ணாகிவிட்டது. அவர் தூங்கும்போதுதான் கழற்றினார்கள்.

பத்து நாள் கழித்து ஸ்ரீவித்யா அதே துணிப்பையோடு பல்லாவரம் வந்தாள்.

"வலது பக்கமாவே போட்டுட்டிருந்தார், பட்டை அழுத்திப் புண்ணாயிடுச்சு. மறுபடி ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். காய்ச்சல் இறங்கல. டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறார்."

"பட்டையை மாத்தித் தரட்டுமா மேடம்? வலது பக்கத்துக்கே சரியா பண்ணிடறேன்."

"வேண்டாம். வீட்ல இருக்க வேண்டாம், அவ்வளவுதான். யாராவது கேட்டா கொடுத்துடுங்க."

லாசரஸ் பையை வாங்கிக்கொண்டார். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் பார்க்க விடுகிற நேரம் முடிந்துவிடும் என்று சொல்லிவிட்டு அவள் ஆட்டோ பிடிக்கப் போனாள்.