நாலு நிமிசப் பாட்டு

வெள்ளைச் சேலைத் தலைப்பை வாயில் கவ்விக்கொண்டு மேசைக்குக் கீழே தவழ்ந்துபோன ஜெயனிக்கு, எந்த வயர் எந்த ஓட்டைக்குள் போகவேண்டும் என்பது பிடிபடவில்லை. மேசையின் மேல் அப்பாவின் பழைய கொம்பியூட்டர். மேசையிலிருந்து நாலு முழம் தள்ளி, சவப்பெட்டிக்குள் அப்பா. இந்த வீட்டில் வயர் விசயம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். இன்று பார்த்து வாயைத் திறக்கமாட்டேன் என்று படுத்திருந்தார்.

"பிள்ளை, சுவாமி வர இன்னும் அரை மணித்தியாலம்தான் கிடக்கு. உதை விட்டிட்டு வெளியிலை வா. சனம் பாக்குது."

குரல் செபமாலைப் பெரியப்பாவுடையது. அப்பாவின் தமையன். குருநகரில் எந்தச் செத்த வீட்டிலும் செத்தவருக்கு அடுத்தபடி முக்கியமான ஆள் அவர். பெட்டியை எத்தனை மணிக்கு எடுப்பது, பாண்ட்காரர் எங்கே நிற்பது, யார் எந்தக் கைபிடியைப் பிடிப்பது, எல்லாம் அவர் சொன்னபடிதான் நடக்கும். இது சொந்தத் தம்பியின் செத்த வீடு. கேட்கவா வேண்டும்?

"ஏலாது பெரியப்பா. நான் அப்பாவுக்குச் சொல்லிப்போட்டன்."

"சாகப்போற மனிசன் ஆயிரம் கேக்கும். எல்லாத்துக்கும் ஓமெண்டு சொல்லுறதுதான். ஆர் செய்யிறது?"

ஜெயனி செய்வதாக இருந்தாள். அதுதான் வில்லங்கம்.

அவளுடைய அப்பா கிறிஸ்துநாயகம் நாற்பது வருசம் வள்ளங்களின் மோட்டர் திருத்தியவர். 2003இல், சண்டை நின்று பாதை திறந்திருந்த காலத்தில், ஒஸ்லோவிலிருந்து வந்த தங்கச்சி மகன் எமில்ராஜ் இந்தக் கொம்பியூட்டரைக் காவிக்கொண்டுவந்து கொடுத்தான். அப்போதே அது கிழடு. படம் காட்டாது, எழுத்து மட்டும் காட்டும். ஆனால் அதில் பாட்டுக் கட்டலாம் என்று எமில்ராஜ் காட்டிக்கொடுத்துவிட்டான். பாவி. திரையில் நாலு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் மேலிருந்து கீழாக எழுத்தும் இலக்கமும். எந்தச் சத்தம், எந்தச் சுருதியில், எவ்வளவு பலமாக என்பதை அதில் எழுதிவைக்க வேண்டும். ஓடவிட்டால் எழுத்துகள் மேலே ஊர்ந்துபோக, பாட்டு வெளியே வரும். சத்தங்களையும் அப்பாவே பிடித்தார். மோட்டர் ஸ்ராட் ஆகும் சத்தம்தான் மேளம். பிரிண்டர் பூட்டும் ஓட்டையில், செத்த றேடியோக்களிலிருந்து கழற்றிய துண்டுகளை ஒட்டி, சத்தம் வரும் வழியையும் தானே செய்தார்.

இருபது வருசத்தில் அவர் கட்டியது ஒரே ஒரு பாட்டு. கேட்டால், "இன்னும் கொஞ்சம் திருத்தக் கிடக்கு" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில், பட்டினத்தின் மற்றப் பக்கம் இருக்கும் திருநெல்வேலியிலிருந்து ஜெயனி பஸ்ஸில் வருவாள். "பிள்ளை, ஒரு நாலு நிமிசம். இருந்து கேட்டுப்போட்டுப் போ" என்பார் அப்பா. அவள் ஒரு நிமிசம் நிற்பாள். பிறகு பஸ் போய்விடும் என்பாள். பஸ் இல்லாவிட்டால் தலையிடி. இருபது வருசத்தில் ஒருநாளும் அதைக் கடைசிவரை கேட்டதில்லை. அம்மா அந்த மேசைப் பக்கமே போகமாட்டாள்.

போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் ஒக்சிசன் மூடியைத் தானே விலத்திவிட்டு அப்பா சொன்னார்.

"பிள்ளை, எடுக்கிற அண்டைக்கு என்ரை பாட்டைப் போடு. பாட்டு முடிஞ்சாப்பிறகுதான் என்னைத் தூக்க வேணும்."

"ஓம் அப்பா."

"சத்தியமா?"

"சத்தியமா."

நாலு நிமிசத்துக்காக ஒரு மனிதன் பெற்ற மகளிடம் சத்தியம் வாங்க வேண்டியிருந்ததே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

கடைசியில் வயர் விசயத்தை எமில்ராஜ்தான் தீர்த்துவைத்தான். வரமுடியாதபடியால் ஒஸ்லோவில் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு போனுக்குள் இருந்தான். "மற்றப் பக்கம் மச்சாள், மற்றப் பக்கம்" என்று அவன் கத்த, ஒலிபெருக்கிக்காரன் வயரை இழுத்துத் தன் பெட்டியில் பூட்டினான். செபம் சொல்வதற்காகத் தென்னை மரத்தில் கட்டியிருந்த இரண்டு குழாய்களும் ஒருமுறை கிரீச்சிட்டன. வாசலில் நின்ற நாய் எழும்பிப் போனது.

மிச்சத்தை அப்பா ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். 'சுவிச்சைப் போடு. கத்தும். பயப்பிடாதை. திகதி பிழையாகக் காட்டும். அதோடு சண்டை பிடியாதை.' திரையில் 1980, ஜனவரி ஒன்று என்று வந்தது.

"நாப்பது வருசத்துக்கு மேலை பிந்தி நிக்குது," என்றார் பெரியப்பா. "இதை நம்பியே பிரேதத்தை வைச்சுக்கொண்டு நிக்கிறம்?"

பங்குச் சுவாமி வந்தார். செபம் சொல்லி, தீர்த்தம் தெளித்தார். மூன்றரைக்குப் பெட்டி எடுக்க வேண்டும், நாலு மணிக்குக் கோயிலில் பூசை. பெரியப்பாவுக்குப் பாட்டில் விருப்பமில்லை. ஆனால் மைக் என்றால் விருப்பம். வாங்கி அறிவித்தார்.

"அன்னாரின் கடைசி விருப்பப்படி, அவர் தானே இயற்றிய பாட்டு இப்பொழுது ஒலிக்கும். நாலு நிமிசம். பாட்டு முடிந்ததும் பெட்டி எடுக்கப்படும். அதுவரை ஒருவரும் அசையக்கூடாது."

ஜெயனி கொப்பியைப் பார்த்து எழுத்து எழுத்தாகக் குத்தினாள். நீலத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஊரத் தொடங்கின.

முதலில் மோட்டர். டுப், டுப், டுப். அது ஓடத் தொடங்கியதும் கோயில் மணி மேலும் கீழுமாக ஏறி இறங்கி ஒரு மெட்டுப் போட்டது. ஐஸ் உடைக்கிற சத்தம் இடையில் விழுந்து தாளம் தட்டியது. சனம் ஒன்றையொன்று பார்த்தது. உண்மையில் நன்றாகவே இருந்தது. சுவாமியின் சப்பாத்து அங்கிக்குக் கீழே மெதுவாகத் தட்டுவதை ஜெயனி கண்டாள். அட, இதைத்தானா நான் கேட்காமல் ஓடினேன் என்று நினைத்தாள்.

அப்போதுதான் தென்னை மரத்திலிருந்து குருநகர் முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல் வந்தது.

"இஞ்சேருங்கோ! சாப்பிட வாங்கோ!"

பெட்டியின் தலைமாட்டில் இருந்த அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"ஆரது?"

"நீங்கள்தான் அம்மா," என்றாள் ஜெயனி.

"நானோ? நான் இஞ்சை எல்லோ இருக்கிறன்?"

குரல் இப்போது சுருதி ஏறி, சின்னப் பிள்ளை மாதிரி மெலிந்து, "சாப்பிட வாங்கோ" என்றது. பிறகு இறங்கி, எருமை மாதிரித் தடித்து, "சாப்பிட வாங்கோ" என்றது. பெண்கள் பக்கத்தில் அடுத்த வீட்டு மக்டலீன் அக்கா கைலேஞ்சியை வாய்க்குள் அடைத்தாள். அவளுடைய தோள் குலுங்கியது அழுகையால் இல்லை.

"குசினிக்குள்ளை மைக் வைச்சிருக்கிறார் இந்த மனிசன்," என்றாள் அம்மா அருமைநாயகி. "கடவுளே! செத்தும் என்னை மானம் கெடுக்கிறாரே!"

பாட்டு விடவில்லை. மணியும் மோட்டரும் மேலே மேலே போய், உச்சியில் அம்மாவின் மூன்றாவது குரல் வெடித்தது.

"உதை நிப்பாட்டிப்போட்டு வாங்கோ! சோறு ஆறுது!"

அதோடு எல்லாம் அடங்கி ஒற்றை மணி மட்டும் நின்றது. டாங். டாங். சரியாக நாலு நிமிசம்.

"முடிஞ்சுது. பிடியுங்கோ," என்றார் பெரியப்பா. ஜெயனியின் புருசன் றெஜியும் மற்ற ஐந்து பேரும் குனிந்து கைபிடிகளைப் பிடித்தார்கள். வெளியே பாண்ட்காரர் குழல்களை வாயில் வைத்தார்கள்.

டுப், டுப், டுப்.

மோட்டர் திரும்ப ஸ்ராட் ஆனது. ஆறு பேரும் நிமிர்ந்தார்கள்.

"இது இரண்டாம் பாகமாக்கும்," என்றார் சுவாமி.

இரண்டாம் பாகம் அச்சொட்டாக முதலாம் பாகம் மாதிரியே இருந்தது. சாப்பிட வாங்கோ. சாப்பிட வாங்கோ. சோறு ஆறுது. டாங். குனிந்தார்கள். டுப், டுப், டுப். நிமிர்ந்தார்கள். மூன்றாம் முறை குனியும்போது றெஜி பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டிக்குள் இருந்தவரிடம் சொன்னான்.

"மாமா, இன்னும் எத்தினை தரம் குனியிறது? எனக்கு நாரி பிடிச்சிட்டுது."

போனுக்குள் எமில்ராஜ் ஏதோ கத்திக்கொண்டிருந்தான். ஜெயனி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"மச்சாள், மாமா கடைசி வரியிலை 'திரும்ப முதலுக்குப் போ' எண்டு எழுதிப்போட்டார். இது தன்பாட்டிலை முடியாது. நாளைக்கும் ஓடும். கரண்ட் நிண்டால் நிக்கும்."

"இண்டைக்கெண்டு அதுவும் நிக்காது," என்றார் பெரியப்பா. "விலகு பிள்ளை. நான் வயரைப் பிடுங்கிறன்."

ஜெயனி மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"வேண்டாம் பெரியப்பா. முடிஞ்சாப்பிறகுதான் தூக்குறதெண்டு சத்தியம் பண்ணினனான்."

"முடியாத பாட்டுக்கு என்னடி சத்தியம்? சுவாமிக்கு நாலு மணிப் பூசை கிடக்கு. உன்ரை கொப்பன் சின்னனிலை இருந்தே இப்பிடித்தான். ஆக்களைக் காக்க வைச்சுப்போட்டுச் சிரிக்கிற பேர்வழி!"

சுவாமி மணிக்கூட்டைப் பார்த்தார். சனம் முணுமுணுத்தது. ஜெயனி வயரைப் பார்த்தாள். நாலு நிமிசத்தை உயிரோடு இருக்கும்போது கொடுக்கவில்லை. சாகப்போகும்போது கொடுத்த வாக்கையும் வயரோடு பிடுங்கி எறிந்தால், நான் என்ன பிள்ளை? ஆனால் பிடுங்காவிட்டால் அப்பா இந்த வீட்டை விட்டுப் போகவே முடியாது. இது என்ன அநியாயம் அப்பா?

"மச்சாள், கீழை பார்," என்றான் எமில்ராஜ். "சத்தங்களின்ரை பேர் எழுதின பட்டியல் ஒண்டு இருக்கும். பாட்டுக் கட்டுற ஆக்கள் சொல்ல வேண்டியதை அதுக்குள்ளைதான் எழுதி வைக்கிறவை."

அவள் திரையின் அடிப்பக்கம் குனிந்தாள். தமிழை ஆங்கில எழுத்தில், ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொல்லாக அப்பா அடைத்து வைத்திருந்தார்.

'அந்தோனியின் மோட்டர். கோயில் மணி. ஐஸ் உடைக்கிறது. அருமை முதல் தரம். அருமை இரண்டாம் தரம். அருமை கோவம்.'

அதற்குக் கீழே சத்தம் ஏதும் இல்லாத வெற்று வரிகள். அவற்றிலும் எழுத்து இருந்தது.

"என்ன பிள்ளை எழுதிக் கிடக்கு?" என்றாள் அம்மா.

ஜெயனி வாசித்தாள். வரி வரியாகத்தான் வாசிக்க முடிந்தது.

'முடிவு வைக்கேல்லை.'

'வைக்க மனம் வரேல்லை.'

'கேட்டது காணுமெண்டால்,'

'எஸ்கேப்பை அமத்துங்கோ.'

'ஜெயனிக்கு பஸ் போயிடும்.'

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வந்து, இரண்டுக்கும் மூக்குத்தான் வழி என்றாகிவிட்டது. சேலைத் தலைப்பால் துடைத்தாள். இருபது வருசம் ஒருவரும் இருந்து கேட்காத பாட்டை, சுவாமியையும் சேர்த்து நூற்றைம்பது சனத்தை நிற்கவைத்து நாலாம் தரம் கேட்கவைத்துக்கொண்டிருந்தார் மனிதர். அவரில் அவளுக்குப் பத்திக்கொண்டு வந்தது. எழுப்பிச் சண்டை பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

"மாமி விட்டால் நான் அமத்திறன்," என்று போனுக்குள்ளிருந்து எமில்ராஜின் பிள்ளை சொன்னது. எமில்ராஜ் அதன் வாயைப் பொத்தினான்.

அம்மா எழும்பினாள். சனம் வழி விட்டது. அந்த மேசைக்குக் கிட்ட அவள் வந்ததை ஜெயனி கண்டதேயில்லை.

"எதை அமத்துறது?"

"மேலை, இடக்கைப் பக்கம் மூலையிலை இருக்கிறது."

"இப்ப அமத்து அருமை, நேரம் போகுது," என்றார் பெரியப்பா.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை."

விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு அம்மா நின்றாள். முதல் கூப்பாடு வந்தது, போனது. இரண்டாவது வந்தது. மணி ஏறியது. தென்னை மரத்தில் அவளுடைய கோபம் கடைசித் தரமாக வெடித்தது. உதை நிப்பாட்டிப்போட்டு வாங்கோ, சோறு ஆறுது.

"இவ்வளவு கத்தியும் ஒருநாளாவது முதல் கூப்பாட்டிலை வந்தவரே," என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். அமத்தினாள்.

வீடு அமைதியானது. மீன் வாடியிலிருந்து காகம் கரைவது கேட்டது.

"இப்ப தூக்குங்கோ," என்றாள் அம்மா.

றெஜியும் மற்றவர்களும் குனிந்தார்கள். இம்முறை நிமிரும்போது பெட்டியும் கூட வந்தது. பெரியப்பாவுக்குத்தான் சொல்ல வேண்டிய கட்டளை ஒன்றும் ஞாபகம் வரவில்லை. லேஞ்சியால் முகத்தை மூடிக்கொண்டு தம்பிக்குப் பின்னால் போனார்.

அடக்கம் முடிந்து சேமக்காலையிலிருந்து திரும்பி, கால் கழுவி, எல்லோரும் விறாந்தையிலும் நடு அறையிலுமாகக் குந்தியபோது பொழுது பட்டுவிட்டது. மக்டலீன் அக்கா வீட்டிலிருந்து சோறும் கறியும் சட்டிகளில் வந்திருந்தது. பெட்டி இருந்த இடத்தில் மெழுகு சிந்திய அடையாளம் மட்டும்.

"சாப்பிட வாங்கோ!"

இருந்த அத்தனை பேரும் ஒன்றாகத் திரும்பி மேசையைப் பார்த்தார்கள். திரை கறுப்பாகக் கிடந்தது. ஒரு சின்ன வெள்ளைக் கோடு மட்டும் மின்னி மின்னி நின்றது.

"என்ன, காது கேக்கேல்லையோ? சாப்பிட வாங்கோ!" குரல் குசினிக்குள்ளிருந்துதான் வந்தது.

"எழும்புங்கோ, எழும்புங்கோ," என்றார் செபமாலைப் பெரியப்பா, கதிரையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு. "இனி வாறது மூண்டாந் தரம்."

சனம் எழும்பிப் போனது. ஜெயனி கொம்பியூட்டரை நிப்பாட்டுவதற்குச் சுவிச்சில் கை வைத்தாள். வெள்ளைக் கோடு மின்னிக்கொண்டிருந்தது. கையை எடுத்துவிட்டு, சோறு ஆறுவதற்குமுன் குசினிக்குப் போனாள்.