ஏரி தானாக உடைந்தது

ஏரி தானாக உடைந்தது என்றே சொல்வது என ஊரார் முடிவு செய்திருந்தனர்.

கல்லாவிக்கும் சிங்காரப்பேட்டைக்கும் இடையில் உள்ள அச்சிற்றூரில், டிசம்பர் மழையின்போது நடந்தது வேறு. ஏரி ததும்பியது. நடுக்கரை உடைந்தால் அதன் கீழுள்ள தெருக்கள் யாவும் போய்விடும் என்ற நிலையில், ஏரிச் சங்கத் தலைவர் வெங்கடசாமி அவர்கள் சிலரோடு கலந்து பேசி, தெற்குக் கோடியில் கரையை வெட்டச் செய்தார். முதலில் கடப்பாரையை இறக்கியவர் தினேஷ்குமார் என்ற இளைஞர். ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பயிற்சிப் பணியாளராக இருப்பவர், விடுமுறைக்கு வந்திருந்தார்.

தெற்குக் கோடிக்குக் கீழே வீடுகள் இல்லை. சாந்தம்மா அவர்களின் வயல் மட்டும் இருந்தது. கணவரை இழந்த அவருக்கு வேறு நிலம் கிடையாது. நெல் முற்றி அறுவடைக்கு நின்றது. அவரோ மகள் சுசித்ராவின் பிரசவத்திற்காக ஓசூர் சென்றிருந்தார். அவருடைய கைப்பேசி எண் அன்று கரையில் நின்ற அனைவரிடமும் இருந்தது. ஒருவரும் அவரை அழைக்கவில்லை.

வெட்டிய பின்னரும் வெள்ளம் கீழ்த்தெருவை விடவில்லை. மண்சுவர்கள் கரைந்தன, ஆடுகள் பட்டியோடு போயின, சாலை அறுந்தது. மக்கள் பள்ளிக்கூடத்தில் தங்கினர். மளிகைக் கடை நூர் முகமது அவர்கள் நனையாமல் எஞ்சிய அரிசியைக் கொடுத்தார். தொழிற்சாலைகளிலிருந்து வந்த நிவாரண மூட்டைகளில், இருளில் மினுங்கும் பட்டையிட்ட ஆரஞ்சு நிற மேற்சட்டைகள் நிறைய இருந்தன. குளிருக்கு எல்லோரும் அவற்றை அணிந்துகொண்டனர்.

"ஊரே ரோடு போடற ஆளுங்களாட்டம் ஆயிடுச்சி," என்றார் சாந்தம்மாவின் பக்கத்து வீட்டு நாராயணம்மா. "இனி எவனும் நம்மள லாரி ஏத்திக் கொல்ல முடியாது."

சாலை சீரானதும் சாந்தம்மா திரும்பி வந்தார். பையைக்கூட வீட்டில் வைக்காமல் வயலுக்குச் சென்றார். நெல் இருந்த இடத்தில் முழங்கால் உயரத்திற்கு மணல் படிந்திருந்தது. உடன் வந்த நாராயணம்மா, சொல்லிவைத்தபடியே சொன்னார்.

"ஏரி தானா ஒடஞ்சிட்டுதுக்கா. என்னா பண்றது."

சாந்தம்மா கரையைப் பார்த்தார்.

"இது நூறு நாள் வேலையில நாம ரெண்டு பேரும் மண்ணு கொட்டின எடமாச்சே. கரையிலயே இதுதான் கெட்டின்னு நீதானடி சொன்ன."

நாராயணம்மா தம் மேற்சட்டையின் பட்டையைத் தடவிக்கொண்டு நின்றார்.

அன்று முதல் சாந்தம்மாவின் வீட்டிற்குக் குழம்பு வரத் தொடங்கியது. நாராயணம்மா கீரைக் குழம்பு அனுப்பினார். வெங்கடசாமியின் மனைவி கோழிக் குழம்பு அனுப்பினார். இதுவரை முகம்கொடுத்துப் பேசியிராத வீடுகளிலிருந்தும் தூக்குவாளிகள் வந்தன. வீடிழந்தவர்கள் பள்ளிக்கூடத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்க, கூரைக்குச் சேதமில்லாத தமக்கு ஏன் இந்த உபசாரம் என்று அவர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். ஒரு தவறும் செய்யாதவர்கள் இவ்வளவு குழம்பு அனுப்புவதில்லை.

வருவாய் ஆய்வாளர் விசாரணைக்கு வருவதாகச் செய்தி வந்தது. அதற்கு முந்தைய மாலை, வெங்கடசாமி அவர்களும் தினேஷ்குமாரும் சாந்தம்மாவின் வீட்டிற்கு வந்தனர். கரையை வெட்டியது தெரிந்தால் வழக்கு வரும். வழக்கு வந்தால் தினேஷ்குமாரின் வேலை நிரந்தரமாகாது. சாந்தம்மாவின் ஒரு சொல்லில் அது இருந்தது.

"நாளைக்கி ஆபீசர் கேப்பாரும்மா," என்று வெங்கடசாமி தொடங்கினார். "தானா ஒடஞ்சிதுன்னு நீயும் ஒரு வார்த்த..."

"அவருகிட்ட சொல்றது இருக்கட்டும்ண்ணா. என்கிட்ட யாரு சொல்வீங்க?"

வெங்கடசாமி கூரையைப் பார்த்தார். தினேஷ்குமார்தான் பேசினார்.

"அத்த, நான்தான் வெட்னேன்."

"எனக்கு ஒரு போன் பண்ணக்கூடாதா, தினேசு?"

"நீங்க வேணான்னு சொல்லிட்டா என்னா பண்றதுன்னு..."

"வேணான்னுதான் சொல்லியிருப்பேன்."

இருவரும் இதை எதிர்பார்க்கவில்லை.

"அப்பவும் நீங்க வெட்டியிருப்பீங்க," என்றார் சாந்தம்மா. "ஊரு பொழைக்கணுமில்ல. ஆனா கேட்டுட்டு வெட்டியிருப்பீங்க. என் வயலு, எனக்குத்தான் கடைசியில தெரியுது."

பிறகு அவர் உள்ளே சென்று, கழுவிய தூக்குவாளிகளையெல்லாம் கொண்டுவந்து வைத்தார்.

"இதெல்லாம் யார் யாருதோ, கொண்டுபோய்க் குடுத்துடுங்க. எனக்குக் கொழம்பு வேணாம். மணல அள்ளணும்."

நாளை என்ன சொல்வார் என்பதை அவர் கூறவில்லை. கேட்கும் துணிவு வந்தவர்களுக்கு இல்லை.

மறுநாள் ஆய்வாளர் கரையில் நின்று ஒவ்வொருவராக விசாரித்தார். தானாக உடைந்தது என்றே அனைவரும் கூறினர். இறுதியாக, வயலுக்கு உரியவர் என்பதால், சாந்தம்மாவிடம் கேட்டார்.

"ஏரி எப்படிம்மா உடைஞ்சுது?"

தினேஷ்குமார் மேற்சட்டையின் ஜிப்பை மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தார்.

"நான் ஊர்ல இல்லீங்க சார். பொண்ணு பிரசவத்துக்கு ஓசூர் போயிருந்தேன். ஒண்ணும் பாக்கல." சற்று நிறுத்தி, "எனக்கு யாரும் போன் பண்ணலீங்க," என்றார்.

ஆய்வாளர் தலையசைத்து எழுதிக்கொண்டார். ஊரார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரார் வீட்டுக்கு ஓர் ஆளாகச் சாந்தம்மாவின் வயலுக்கு வந்தனர். ஷிப்ட் முடிந்து ஓசூரிலிருந்து இரவுப் பேருந்து பிடித்து வந்தவர்களும் இருந்தனர். ஆரஞ்சு மேற்சட்டைகளோடு அவர்கள் மண்வெட்டியும் கூடையுமாக இறங்கியதைக் கண்டு, சாலையில் சென்ற ஒருவர் என்ன கம்பெனி வருகிறது என்று விசாரித்தார்.

"சாந்தம்மா கம்பெனி," என்றார் நாராயணம்மா. "சம்பளம் கெடையாது."

சாந்தம்மா எதிர் வரப்பில் நின்றிருந்தார். தினேஷ்குமார் முதல் கூடையை நிரப்பினார், தூக்காமல் நிமிர்ந்தார். கூப்பிட்டால் கேட்கும் தொலைவுதான். ஆயினும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தார். வரப்பில் மணி ஒலித்தது.

சாந்தம்மா திரையைப் பார்த்தார். வயலின் குறுக்கே தினேஷ்குமாரைப் பார்த்தார். உடனே எடுக்கவில்லை. சில முறை ஒலித்த பிறகே காதில் வைத்தார்.

"அத்த, மணல எங்க கொட்டட்டும்?"

"கெழக்கு வரப்போரமா கொட்டு," என்றார் அவர். "வாய்க்கால அடைச்சிடாத."