நட்டுக்கு அடியில் ஊதா

எங்கள் சைக்கிள் பட்டறைக்கு வருகிறவர்கள் வண்ணத்தை ஊர் பார்க்கிற இடத்தில்தான் கேட்பார்கள். முன்குழாயில் தங்கள் பெயர், கைப்பிடிக்குக் கீழே ஒரு பறவை, இப்படி ஏதாவது. ப்ரான்வின் நட்டுக்கு அடியில் கேட்டாள்.

“பின்சக்கரத்தோட அச்சு உட்கார்ற பிளவு இருக்குல்ல, அதோட வெளிமுகத்துல. ரெண்டு பக்கமும். வேற எங்கயும் வேணாம் டெஸ்.”

“அங்க நட்டு மூடிடுமே ப்ரான்.”

“மூடட்டும்.”

வெல்டிங் மேசையில் காபியோடு சாய்ந்திருந்த லெஃப்டெரி சிரித்தார். பட்டறை அவருடையது. குழாய்களை ஒட்டுவது அவர், மெருகும் வண்ணமும் நான். “டைட்டானியத்துல சைக்கிள் செஞ்சு, உள்ளாடைக்கு ஜரிகை கேக்குற முதல் ஆள் நீதாம்மா.”

“பாக்க வேண்டியவங்க பார்த்தா போதும்,” என்றாள் ப்ரான்வின்.

பாக்க வேண்டியவங்க யார்? அந்த வாரம் முழுக்க எனக்கு அதே யோசனை. காதலனா? செத்துப்போன யாராவதா? நானாக நாலைந்து கதைகள் கட்டிப் பார்த்தேன். ஃபிரேமின் அளவைச் சரிபார்க்க அவள் மறுபடி வந்தபோது அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

“மெரிடித்,” என்றாள்.

மெரிடித் அவளுடைய பயிற்சியாளர். மூன்று பெண்கள் சேர்ந்து ஓட்டும் குழுப் பந்தயத்தில் ப்ரான்வின்தான் முதல் ஆள். நின்ற இடத்திலிருந்து கிளம்பி, மற்ற இருவரையும் பின்னால் இழுத்துக்கொண்டு முதல் சுற்றைப் போட்டுவிட்டு ஒதுங்க வேண்டும். கொஞ்ச காலமாக அவள் கிளம்புவது தாமதமாகிறது. முதல் மிதியில் பின்சக்கரம் பிளவுக்குள் கோணலாக நழுவுகிறது என்று அவள் சொல்கிறாள். மெரிடித் நம்பவில்லை.

“‘நழுவுறது உன் சக்கரம் இல்ல, உன் சாக்கு’ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டா. பழைய சைக்கிள்ல பார்த்தா ஒண்ணும் தெரியல. தழும்பு மேல தழும்பு. நெயில் பாலிஷ் பூசிப் பார்த்தேன், நட்டை இறுக்கினதுமே உதிர்ந்துடுச்சு. உங்க வண்ணம் உதிராதாமே?”

உதிராது. அது பூச்சே இல்லை. சோடாக் கரைசலில் நனைத்த பஞ்சை வைத்து மின்சாரம் விட்டால் உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் வளரும். அதில் விழும் ஒளிதான் நிறமாகத் தெரியும். மின்னழுத்தத்தைக் கூட்டக் கூட்டப் பழுப்பு, ஊதா, நீலம் என்று நகர்ந்துகொண்டே போகும். அந்தப் படலம் உரியாது, ஆனால் கூரான எது இழுபட்டாலும் வெள்ளைக் கோடு விழும்.

“நழுவலைன்னா?”

“முதல் இடத்தை நானே விட்டுடுறேன்னு சொல்லியிருக்கேன். மாநிலப் போட்டிக்கு வேற ஆளைப் போட்டுக்கலாம்.”

அன்று மாலை அந்த இரண்டு முகங்களையும் கண்ணாடியாகத் தேய்த்தேன். மெருகேறிய உலோகத்தில்தான் ஊதா ஆழமாக வரும். வந்தது. நானே கொஞ்ச நேரம் வாயைப் பிளந்து நின்றேன்.

லெஃப்டெரி வந்து நகத்தால் ஒரு முறை வழித்துப் பார்த்தார்.

“அழகா இருக்கு கண்ணு. நட்டு எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்?”

“வாஷர்ல பல் இருக்குல்ல?”

“பல் கடிக்க ஏதாவது சொரசொரன்னு வேணும்ல? இதுல சக்கரம் நழுவினா அது அவ சொன்ன நழுவலா, நீ பண்ணின நழுவலா? யாரு சொல்றது?”

எனக்குக் காது சூடாகிவிட்டது. நழுவுகிறதா என்று பார்க்கச் சொன்ன இடத்தையே வழுக்கலாக்கி வைத்திருக்கிறேன். மறுநாள் மணல் பாய்ச்சி இரண்டு முகங்களையும் சொரசொரப்பாக்கி, மறுபடி மின்சாரம் கொடுத்தேன். இந்த முறை ஊதா மங்கலாக, அத்திப்பழத் தோல்போல வந்தது. யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள்.

தார்ன்பரியில் இருக்கும் மரப்பலகைப் பந்தயத் தளத்தில் சோதனை. லெஃப்டெரியும் நானும் போயிருந்தோம். சக்கரத்தை மாட்டி, மெரிடித்தையே நட்டுகளை இறுக்கச் சொன்னாள் ப்ரான்வின். மெரிடித் முழு எடையையும் ஸ்பேனரில் போட்டு இறுக்கினாள்.

“இதுக்கு மேல இறுக்கணும்னா யானைதான் வரணும். திருப்தியா?”

“திருப்தி.”

மெரிடித் இருக்கையைப் பிடித்துக்கொள்ள, ப்ரான்வின் எழுந்து நின்று கைப்பிடியைக் கீழே அழுத்தினாள். விட்டதும் பலகைகள் உறுமின. அவ்வளவு அருகிலிருந்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு சுற்றை முடித்து, பிரேக் இல்லாத வண்டி மெல்ல வேகம் இழந்து எங்களிடம் வருவதற்குள்ளாகவே அவள் கத்தினாள்.

“நழுவுச்சு! சத்தியமா நழுவுச்சு! சக்கரத்தை அசைக்காதீங்க, நட்டை மட்டும் கழட்டுங்க!”

லெஃப்டெரி நட்டைத் தளர்த்தி, வாஷரைப் பூப்போல எடுத்தார். நான்கு தலைகளும் குனிந்தன.

ஊதாவில் வாஷரின் பற்கள் வட்டமாகப் பதிந்திருந்தன, ஒவ்வொன்றும் ஒரே கடி. இழுபட்டிருந்தால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு வெள்ளை வால் இருந்திருக்கும். எங்கும் வால் இல்லை. மறுபக்கத்தையும் கழற்றிப் பார்த்தோம். அங்கேயும் அப்படியே.

மெரிடித் கழற்றிய நட்டுகளைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள். அவள் குத்திக்காட்டினால் மனசுக்குள் திட்டிக்கொள்ளலாம் என்று காத்திருந்த எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது.

“இன்னொரு தடவை போய்ப் பார்க்கலாமா?” என்றார் லெஃப்டெரி மெதுவாக. “புதுச் சைக்கிள். முதல் ஓட்டம்.”

“வேணாம்.” ப்ரான்வின் மண்டியிட்டு, மூக்கு உரசும் அளவுக்கு அருகில் வைத்து அந்தப் பற்தடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் இருந்தது வேறு. “எவ்ளோ சுத்தமா கடிச்சிருக்கு பாரேன் டெஸ். மெரி, நான் மூணாவதா வர்றேன். முதல்ல வேற யாரையாவது போடு.”

“மூணாவது ஆள்தான் கடைசி வரைக்கும் போகணும். தெரியும்ல?”

“தெரியும். ஓடிக்கிட்டிருக்கும்போது என் காலைப் பத்தி நீயே குறை சொன்னதில்ல. கிளம்பும்போதுதான்.”

மெரிடித் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையசைத்தாள். மற்ற இரண்டு பெண்களைக் கூப்பிடப் போனாள்.

நாங்கள் வாஷரை அதே பற்தடங்களில் உட்கார வைத்து இறுக்கினோம். ஊதா மறைந்தது.

“ஆனா எனக்கு ஏதோ நழுவுச்சு டெஸ்,” என்றாள் அவள், தன் இடுப்பின் வலப்பக்கத்தை விரல்களால் அழுத்திப் பார்த்தபடி. “பொய் சொல்லல. சக்கரம் இல்லன்னா, என்னது அது?”

தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு மற்ற இருவருக்கும் பின்னால் போய் நின்றாள். அங்கிருந்தும் குனிந்து, தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.