கதை: தில்லைநாயகம்

ஆற்றுப்புலி பேசமாட்டான். பன்னிரண்டு சித்திரக்கதைப் புத்தகங்களிலும் அவன் வாயருகே வசன பலூன் கிடையாது. சொல்ல வேண்டியதைக் கையால் சொல்வான். அந்தக் கைகளைத் தில்லைநாயகம் தனிக் கட்டத்தில் பெரிதாக வரைவார்.

தில்லைநாயகம் பாளையங்கோட்டையில் ஓவிய ஆசிரியர். கைகள் அவர் மகன் குமரவேலுடையவை. பதினேழு வயது. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. மூக்கின் ஓரத்தைத் தொட்டால் அம்மா. விரல்களை நெளித்து இறக்கினால் ஆறு. புதுப் புத்தகம் வந்ததும் அவன் முதலில் தன் கைகளைத்தான் தேடுவான்.

1994இல் சென்னைக் கம்பெனி ஒன்று ஆற்றுப்புலியைப் படமெடுக்க வந்தது. இயக்குநர் வளன் தூத்துக்குடிக்காரர். புத்தகத்தில் உள்ளபடி எடுப்பேன் என்றார். எடுத்தார். முக்கூடலில் நாற்பது நாள் படப்பிடிப்பு. கதாநாயகனுக்குக் கைப்பேச்சு கற்றுக்கொடுத்தவன் குமரவேல். ஒருநாள் அந்த நடிகர் மழை என்பதற்குக் கல்யாணம் என்று காட்டிவிட்டார். குமரவேல் அதை ஒரு வாரம் வீட்டில் நடித்துக் காட்டிச் சிரித்தான்.

எடுத்து முடித்த படத்தைக் கம்பெனி முதலாளி போட்டுப் பார்த்தார். பிறகு கம்பெனி மேனேஜர் வன்னியராஜ் வந்து ஜங்ஷன் லாட்ஜில் தங்கி, தில்லைநாயகத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். வளனும் அங்கே இருந்தார்.

"அண்ணாச்சி, மூணு மணி நேரம் கையவே ஆட்டிக்கிட்டு இருந்தா சீட்டக் கிழிச்சிருவான்" என்றார் வன்னியராஜ். "நான் நாங்குநேரிக்காரன். எங்க ஊரு டூரிங் டாக்கீஸ்ல பாத்திருக்கேன்."

"ஆற்றுப்புலி பேசமாட்டான்" என்றார் தில்லைநாயகம்.

"அதுக்குத்தான் திருச்செந்தூர்ல ஒரு பாட்டு வைக்கோம். மணி அடிக்கும், வாய் திறந்துரும். முருகன் பாத்துக்கிடுவாரு, நமக்குச் செலவு கம்மி."

"கதையே அதில்லையே. அவன் அப்படியே இருக்கான். அப்படியே ஜெயிக்கான்."

"ஜெயிக்க வேண்டாம்னு யாரு சொன்னா? பேசிட்டு ஜெயிக்கட்டும்."

தில்லைநாயகம் வளனைப் பார்த்தார். வளன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் சொல்லிப் பாத்துட்டேன் சார். நான் எடுக்கலைன்னா வேற ஆள் எடுப்பான்."

"உங்களுக்குச் சடவா, மனசுக்கு ஒப்பாம இருந்தா பேரை எடுத்துருதேன் அண்ணாச்சி. கதைன்னு உங்க பேரப் போடல. இப்பவே சொல்லுங்க" என்றார் வன்னியராஜ்.

பன்னிரண்டு புத்தகங்களில் ஒன்றில்கூட அச்சகத்தார் அவர் பெயரைப் போட்டதில்லை. திரையில் பெயர் எவ்வளவு பெரிதாக வரும் என்று குமரவேல் தினமும் சுவரில் அளந்து காட்டிக்கொண்டிருந்தான்.

"பேரு இருக்கட்டும்" என்றார்.

வீட்டில் மனைவி அன்னத்தாய் எல்லாவற்றையும் கேட்டாள். "பிள்ளைட்டச் சொல்லணும்லா?"

"சொல்லுதேன்."

"எப்ப?"

படம் வரும்வரை அவர் மகனிடம் சொல்லவில்லை.

படம் வந்த அன்று காலைக் காட்சிக்கு அப்பாவும் மகனும் போனார்கள். 'கதை: தில்லைநாயகம்' என்று வந்தபோது குமரவேல் அவர் முழங்காலில் அடித்தான். இடைவேளை வரை கைகள் வந்தன. தான் சொல்லிக்கொடுத்த ஒவ்வொன்றுக்கும் அவன் தலையாட்டினான்.

இடைவேளைக்குப் பிறகு கடல் வந்தது. கோபுரம் வந்தது. ஆற்றுப்புலி வாயைத் திறந்தான். உதடுகள் சேர்ந்து பிரிந்தன. அம்மா. அந்த ஒரு சொல்லை உதட்டில் படிக்கக் குமரவேலுக்குத் தெரியும்.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்று கும்பிட்டாள். குமரவேல் திரும்பிப் பார்த்தான். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவனும் தட்டினான்.

அதன்பின் படத்தில் கைகள் வரவில்லை.

வெளியே வந்ததும் தில்லைநாயகம் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதினார்: நான் எழுதவில்லை. கம்பெனி மாற்றிவிட்டது.

குமரவேல் பேனாவை வாங்கினான். இடம் குறைவாக இருந்தது. பொடி எழுத்தில் எழுதினான்: உங்கள் பெயர் இருந்ததே.

அவர் டிக்கெட்டைத் திருப்பி வாங்கவில்லை. பேருந்தில் குமரவேல் அவர் தோளைத் தட்டினான். கோபமில்லை என்பதுபோல் சிரித்தான். பாளையங்கோட்டை வரும்வரை எதிரே இருந்தவர்களின் வாய்களைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

மறுநாள் காலை இட்லி. குமரவேல் தட்டின்முன் உட்கார்ந்து வாயைத் திறந்தான். உதடுகளைக் குவித்தான், விரித்தான். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

அன்னத்தாய் சட்னியை நகர்த்தினாள். தலையை ஆட்டி மறுத்தான். பொடி வைத்தாள், எண்ணெய் வைத்தாள். தண்ணீர். எதுவும் இல்லை. மறுபடி அதே சத்தம், இன்னும் உரக்க. கழுத்து நரம்பு புடைத்தது.

"கையால சொல்லச் சொல்லுங்க" என்றாள்.

தில்லைநாயகம் கையால் கேட்டார்: என்ன வேண்டும்?

குமரவேல் அவர் கையைப் பார்க்கவில்லை. உதட்டைப் பார்த்தான். தன் கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, அவரைப் பார்த்து, மீண்டும் முதலிலிருந்து ஆரம்பித்தான்.

இருவரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.