மணிக்குள் வைத்த பஞ்சு

மாட்டு வண்டிப் பந்தயத்தை வீடியோ எடுக்கப் போகிற அருண் ஜோசப்புக்கு முன்னால், தேனி மைக் வாடகைக் கடையில் இரண்டே கருவிகள். ஒன்று, ரோட்டோரம் நிறுத்தி வண்டியை நோக்கித் திருப்புகிற நீள மைக். இன்னொன்று தீப்பெட்டி அளவு ரெக்கார்டர்; அதை நுகத்தடியிலேயே கட்டிவிடலாம்.

"நீள மைக்க எடுத்துட்டுப் போங்க தம்பி. பந்தயத்துக்கு அதான் சரி" என்றார் கடைக்காரர்.

கேட்டானா? எல்லா யூடியூப் சேனல்காரர்களின் வீடியோவிலும் ஒலிபெருக்கியும் விசிலுந்தான் கேட்கிறதாம். இவனுடையதில் மாடு மூச்சு விடுவது கேட்க வேண்டுமாம். பெரிய ஆசை, போங்கள்!

மார்க்கையன்கோட்டை மாட்டு வண்டிப் பந்தயத்துக்கு உத்தமபாளையத்திலிருந்து முனீஸ்வரியின் மாட்டு ஜோடி வந்திருந்தது. கன்றிலிருந்து அவள் கையால் வளர்ந்த மாடுகள். ஓட்டுவது அவள் புருஷன் ராக்கையா. "இந்தத் தடவையும் பின்னுக்கு வந்தா கேரளா வியாபாரிக்கு அடிமாடாப் பிடிச்சுக் குடுத்துருவேன்" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் வண்டி பூட்டினான்.

அருண் முனீஸ்வரியிடம் கேட்டு அவள் வண்டியின் நுகத்தடியில் ரெக்கார்டரைக் கட்டி, ஹெட்போனை மாட்டிப் பார்த்தான். வலது மாட்டின் கழுத்துமணி கணீரென்று அடிக்க, சத்த அளவு காட்டும் மீட்டர் சிவப்பில் போய் முட்டியது. மூச்சாவது ஒன்றாவது!

"அக்கா, மணியக் கழட்டிருவமா?"

"ஆத்தாடி, அதுல கை வச்சுராத தம்பி! அந்தச் சத்தத்தக் கேட்டாத்தேன் ரெண்டும் ஓடும். அப்படியே பழக்கிப்புட்டேன்."

சரியென்று தலையாட்டினான். அவள் தண்ணீர் வாளி எடுக்கப் போனதும், மைக்குக்கு மாட்டுகிற கறுப்புப் பஞ்சு உறையை மணிக்குள் திணித்தான்.

கொடி விழுந்தது. மற்ற வண்டிகள் பறந்தன. முனீஸ்வரியின் மாடுகள் நாலு எட்டு வைத்துவிட்டுத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தன. ராக்கையாவின் சாட்டை விழ விழ, காலைப் பின்னிக்கொண்டு கடைசி வண்டியாக வந்து சேர்ந்தன.

முனீஸ்வரி ஓடிப்போய் வலது மாட்டின் முகத்தில் ஓங்கி அறைந்தாள். "மானத்த வாங்கிட்டியே! இதுக்கா உன்ன வளத்தேன்?"

அருண் ரெக்கார்டரை அவிழ்க்கிற சாக்கில் பஞ்சையும் உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டான். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ராக்கையாவின் கையில் சாட்டையைப் பார்த்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நகர்ந்தான். பாவி, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் உத்தமபாளையத்துக்கு ஓடினான். தொழுவம் காலி. வாசலில் முனீஸ்வரி உட்கார்ந்திருந்தாள்.

"விடியுமுன்ன லாரியில ஏத்திட்டுப் போயிட்டாக தம்பி. இந்நேரம் குமுளி எல்லையத் தாண்டியிருக்கும். நேத்துப் பிடிச்ச சத்தத்தையாச்சும் போட்டுக் காட்டு."

ஹெட்போனை மாட்டிவிட்டான். அவன் ஆசைப்பட்டபடியே பதிவு அத்தனை சுத்தம். "எப்படி மூச்சு வாங்குது பாரு" என்று கண்ணை மூடிக்கொண்டு அழுதாள். அப்புறம் அவள் நெற்றி சுருங்கியது.

"மணிச் சத்தம் எங்கன தம்பி?"

அருண் பையிலிருந்து பஞ்சை எடுத்து அவள் கையில் வைத்தான். "நாந்தேன்க்கா. மணிக்குள்ள வச்சேன்."

அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் தேவலை என்று முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றான். அந்நேரம் ஹெட்போனில் பட்டென்று ஓர் அறை விழுந்தது. வெளியே நின்ற அவனுக்கே கேட்டது. முனீஸ்வரி தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஐயோ, அத அடிச்சுப்புட்டேனே தம்பி" என்றாள்.