அடித்துவிட்ட வரிகள்

ஒலிப்பதிவுக்காகப் புத்தகங்களை வாய்விட்டு வாசிப்பதுதான் என் பிழைப்பு. கிறுக்குத்தனமான நாவல் எது வந்தாலும் அதை என் தலையில் கட்டிவிடுவார்கள். முற்றுப்புள்ளியே இல்லாத ஒரு நாவலை வாசித்து மூச்சு முட்டியிருக்கிறேன். மாடிப்படி ஒன்று தன் கதையைத் தானே சொல்லும் புத்தகம் ஒன்று வந்தது. எழுதினவருக்குக் கழன்றுவிட்டதா என்று திட்டிக்கொண்டேதான் தொடங்கினேன். படியை இடிக்க ஆட்கள் வரும் இடத்தில் மேலே வாசிக்க முடியாமல் பதிவை நிறுத்தும்படி ஆகிவிட்டது. ஆகவே, புதுமை என்றாலே இவளுக்குக் கசக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

தம்பி எழுதிய நாவலும் அப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தது. படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவை ஒரு மகன் பார்த்துக்கொள்ளும் கதை. அதில் அவன் செய்திருந்த சோதனை, சில வரிகளை அச்சிட்டு அவற்றின் மேலேயே கோடு போட்டு அடித்திருந்ததுதான். அடித்திருந்தாலும் படிக்க முடியும்.

பேருந்தில் உட்கார்ந்து படித்தேன். அடித்திருந்த முதல் வரி, 'அக்கா விரிப்பை மாற்றினாள்.' கொஞ்சம் தள்ளி இன்னொன்று, 'அக்கா வேலையை விட்டுவிட்டாள்.' புரட்டப் புரட்ட, அடித்த வரியெல்லாம் நான்தான். நிஜத்தில், எங்கள் அப்பா கண்ணை மூடும்வரை அவரைத் துடைத்ததும், புரட்டிப் படுக்க வைத்ததும், அவர் கடித்துவைத்த கையாலேயே மறுபடி ஊட்டியதும் நான். பார்த்துக்கொண்டிருந்த ஆய்வுக்கூட வேலையை அதற்காகத்தான் விட்டேன். தம்பி எப்போதாவது வருவான். பழப் பையை வைப்பான், கட்டில் ஓரம் நின்று கண் கலங்குவான், கிளம்பிவிடுவான்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. பயலுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. வெளியே ஒத்துக்கொள்ளக் கூச்சப்பட்டு அடித்திருக்கிறான், ஆனால் அழித்துவிடவில்லை. நான் வாசித்த விசித்திரங்களிலேயே எனக்கு முழுசாகப் புரிந்தது அந்தக் கோடுதான்.

பதிவு அறைக்குப் போன பிறகுதான் சிக்கல். கோட்டை எப்படி வாசிப்பது? அந்த வரிகளை மட்டும் கிசுகிசுப்பாகச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். தம்பி நேரிலேயே வந்துவிட்டான்.

"வேணாம்க்கா. அந்த எடத்துல எதுவும் சொல்லாதே. சும்மா மௌனம் விடு."

"அப்போ அங்க என்ன இருந்துச்சுன்னு கேக்கறவங்களுக்கு எப்படிடா தெரியும்?"

"தெரியக் கூடாது. ஏதோ இருக்குன்னு உறுத்தணும், அவ்வளவுதான்."

"புஸ்தகத்துல தெரியுதே?"

"அது கண்ணுக்கு. இது காதுக்கு."

"அது நான்டா."

அவன் சிரித்தான். "நீ இல்லக்கா, அது ஒரு கதாபாத்திரம். இத்தனை புஸ்தகம் வாசிச்சிருக்கே, இதுகூடவா தெரியாது?"

வாய்க்கு வந்ததைச் சொல்லி எழுந்து போயிருப்பேன். ஆனால் வீட்டில் அம்மா காத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பார்வை போய்விட்டது. மகன் எழுதியதை அவள் தெரிந்துகொள்ள என் குரலை விட்டால் வேறு வழியில்லை. வயிற்றெரிச்சலை அடக்கிக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்தேன். அடித்த வரி வரும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு அதை மனசுக்குள் முழுசாகச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போனேன். அந்த மௌனமாவது என் பங்குக்கு இருக்கட்டும் என்று நினைத்தேன்.

தயாரான பதிவைப் போட்டுக் கேட்டால், ஒரு மௌனத்தையும் காணோம். ஒலியைச் சீர்செய்யும் எடிட்டரிடம் ஓடினேன்.

"நடுவுல நடுவுல அப்படியே நின்னுட்டீங்க மேடம். எப்பவும் போல வெட்டி ஒட்டிட்டேன். ஒட்டினதே தெரியாது பாருங்க," என்றார் பெருமையாக.

அவரை என்ன சொல்வது? என் இருமலையும் இடைவெளியையும் வெட்டுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். தம்பிக்குப் போன் போட்டேன்.

"நானும் கேட்டேன்க்கா. இப்பதான் கதை சிக்குன்னு இருக்கு. அப்படியே விட்டுடு."

சோதனையாம், மௌனமாம். அவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

அன்று சாயங்காலம் அம்மாவின் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வைத்திருந்த போனில் என் குரல், 'அப்பாவைப் புரட்டினேன். புண்ணைக் கழுவினேன்' என்று தம்பிக்காக வாசித்துக்கொண்டிருந்தது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"பாவம்டி என் பிள்ளை. ஒத்தையாளா எவ்வளவு பட்டிருக்கான்."

"அப்போ நான் எங்கம்மா இருந்தேன்?"

அம்மா யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நீ வேலைக்குப் போயிருப்பே," என்றாள். "சும்மா இரு, கேக்க விடு."

என் குரல் எந்த இடத்திலும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. நான் அவளுடைய இன்னொரு காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.